கழுவத்தான் போட்டேன்

மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்க்கிறேன், காற்று வருகிற மாதிரியும் இருக்கிறது, வராத மாதிரியும் இருக்கிறது, மேலே சுற்றுகிற ஃபேன் காற்றுதான் விரலில் படுகிறதோ என்னமோ என்று எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து மறுபடியும் வைக்கிறேன், இப்போதும் அதே சந்தேகம்தான், காய்த்துப்போன விரலுக்கு என்ன தெரியும். மக்ரூன், ஏ மக்ரூன், எழும்பு மக்கா. தூக்கினால் துணி மாதிரி தொங்குகிறது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், நடுவில் முழ நீளத்துக்கு வெள்ளை உடம்பு, ஈரத்துண்டைக் கொடியில் போட்ட மாதிரி என் முழங்கையில் கிடக்கிறது. வாயோரம் மட்டும் மஞ்சள். மஞ்சள்தூளின் மஞ்சள். முந்தானையை நனைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை, வெள்ளை மயிரில் பிடித்த மஞ்சள் எப்படிப் போகும். வினோலியா கதவைத் திறந்ததும் அந்த மஞ்சளைத்தான் பார்ப்பாள், என் மகளுக்குக் கண் அப்படி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள், இன்றைக்கு ஏதோ பெரிய மீட்டிங் என்று ஆபீசுக்குப் போயிருக்கிறாள். போகும்போது இதைத் தூக்கி என் மடியில் விட்டுவிட்டு, "அம்மா, இன்னிக்கு ஒருநாள் நீ பாத்துக்கிடுவியா?" என்று கேட்டாள். கேட்டாள், உத்தரவு போடவில்லை. நான் சென்னைக்கு வந்த நாளிலிருந்து அதைச் செய்யாதே இதைத் தொடாதே என்றுதான் சொல்லியிருக்கிறாள், இதைச் செய்வியா என்று என்னிடம் ஒன்று கேட்டது இன்றைக்குத்தான். மாதாவே, கேட்ட அன்றைக்கா இப்படி.

மக்ரூன் என்று பேர் வைத்தது அவள்தான். எங்கள் தூத்துக்குடியில் பேக்கரிக்குப் பேக்கரி கண்ணாடி ஜாடிக்குள்ளே இருக்குமே, முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் அடித்துச் செய்கிற கூம்பு, அந்த நிறம் இது. முதல்நாள் பார்த்ததும் நான் கீரி என்றேன். "கீரி இல்லம்மா, ஃபெரெட்டு. வெளிநாட்டுச் சாதி." கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கு என்றேன், சிரித்தாள். அப்புறம் பாடம் எடுத்தாள். இதுக்குச் சோறு ஆகாது, பால் ஆகாது, பழம் ஆகாது, பச்சைக் கறிதான் சாப்பாடு, கோழிக் கழுத்து, ஈரல், இருதயம், அடுப்பில் காட்டக்கூடாது, மசாலா கூடாது, உப்பு ஒரு கல் கூடாது, சின்ன உடம்பு, தாங்காது. உப்பில்லாம எப்படி மக்கா வாயில வைக்கும் என்று கேட்டேன், உப்பளத்துக்காரன் பெண்டாட்டி வேறு எதைக் கேட்பாள். "காட்டுல எலியைப் பிடிச்சுத் திங்கும்போது பக்கத்துல உப்புக் கிண்ணமா வச்சிருக்கு?" என்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்து, "நீயும் அதுவும் எனக்கு ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் உப்பு கிடையாது. அது சொன்ன பேச்சு கேக்கும், நீதான் கேக்க மாட்ட" என்றாள். நான் ஊரில் பூசை நேரத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். பிரஷர். மாத்திரை. டாக்டர் குறைச்சுக்கோங்க என்றுதான் சொன்னார், இவள் அடுக்களையிலிருந்து உப்பு டப்பாவையே எடுத்துக் குப்பையில் போட்டாள். எனக்கு மட்டும் என்றால்கூடச் சொல்லலாம், அவளும் அதே குழம்பைத்தான் ஊற்றித் தின்கிறாள், முகத்தைச் சுளிக்காமல் தின்கிறாள், நான் என்ன பேச.

கழுவத்தான் போட்டேன். அதுதான் சத்தியம். சாப்பாட்டில் போடவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்புவார்களா? தினம் அவள் சின்னச் சின்ன டப்பாவில் கறியை அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்திருப்பாள், ராத்திரியே ஒன்றை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிடுவாள், நேற்று மறந்துவிட்டாள், மத்தியானம் நான் திறந்தால் கல் மாதிரி இருக்கிறது. போன் பண்ணினேன். "கீழே கடையில ஈரலும் கழுத்தும் வாங்கி, சின்னதா வெட்டி, பச்சையா வையிம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று குசுகுசுவென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். லிஃப்டில் இறங்கி வாங்கிக்கொண்டு வந்தேன். ரத்தமும் சவ்வுமாக இருந்தது. கவிச்சி. அதை அப்படியே ஒரு சீவனுக்கு வைக்க மனசு வருமா? கறி வீட்டுக்குள்ளே வந்தால் மஞ்சளும் கல்லுப்பும் போட்டுப் பிசறி வைத்து அலசுகிறது, அது நான் யோசித்துச் செய்வதா, நெற்றியில் சிலுவை போடுகிற மாதிரி கைதானே செய்கிறது. சமைத்த பிறகு போடுகிறதுதான் உப்பு. கழுவுகிறதுக்குப் போடுகிறது உப்பா? அது சுத்தம். அப்படித்தான் இருந்தது என் புத்தியில். பிசறி வைத்துவிட்டுச் செபமாலையில் ஒரு சுற்று முடித்து வந்து குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை, மோட்டார் ரிப்பேராம், வாட்ச்மேன் கீழேயிருந்து கத்துகிறான். இது என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து டுக் டுக் டுக் என்று தொண்டைக்குள்ளே சத்தம் போடுகிறது, பசி, கொஞ்ச நேரம் பொறுக்காது, குடல் சின்னது என்று அவளே சொல்லியிருக்கிறாள். குடிக்கிற தண்ணீரில் ஒரு செம்பு ஊற்றி ஒரே ஒரு அலசு அலசி வைத்தேன். ஒரே ஒரு அலசு. தின்றது, ஆசையாகத் தின்றது, தட்டை நக்கியது, என்னை நிமிர்ந்து பார்த்து மறுபடியும் நக்கியது, உப்பு ருசி பிடிச்சிருக்கு பாரு என்று நான் சிரித்தேன், ஐயோ, சிரித்தேன். அப்புறம் தண்ணீர் குடித்தது, குடித்தது, கிண்ணத்தில் பாதி குடித்தது. அப்போதும் புத்திக்கு எட்டவில்லை. என் சேலை மடிப்புக்குள் புகுந்து சுருண்டு படுத்த பிறகு, எவ்வளவோ நேரம் கழித்து, கால் மரத்துப்போய் நகர்த்திப் படுக்க வைக்கப் போனால் தலை தொங்கிவிட்டது.

எழுந்து நடக்கிறேன். ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து ஹால். தோளில் போட்டுத் தட்டுகிறேன், என் மூத்தவன் லெஸ்லிக்குச் சின்ன வயசில் வயிற்றுவலி வந்தால் இப்படித்தான் நடப்பேன், அவன் குவைத்துக்குப் போய்த் தலையே நரைத்துவிட்டது, இந்தத் தோள் இன்னும் பழக்கம் விடவில்லை. லெஸ்லிக்குப் போன் போடலாமா? அவன் சிரிப்பான், "ஒரு பெருச்சாளிக்குப் போயா இந்த அழுகை அழுதீங்க" என்பான், அவனுக்குத் தெரியாது தங்கச்சி இதன்மேல் வைத்திருக்கிற உயிர். மிருக டாக்டர் வேளச்சேரியில் இருக்கிறார், எனக்கு ஆட்டோவுக்கு வழி சொல்லத் தெரியாது, போய் என்ன சொல்ல, உப்பு போட்டேன் என்றா? எவ்வளவு உப்பு என்று கேட்பாரே. ஒரு பிடி. பிடி என்றால் நிறைய. பிடியில்லை, விரல் நுனியால் அள்ளினது. இல்லை, பிடிதான். கை நிறையப் பிடி, எங்கள் கைக்கு உப்பு என்றால் கணக்கே கிடையாது, அளக்கிற அளவுக்கு என்றைக்கு எங்களுக்கு உப்பு குறைந்தது. அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே, ஒரு பிடி, பெண்களுக்குள், ஒரு பிடி உப்பு. செபம் பாதியில் நிற்கிறது, மறுபடி தொடங்குகிறேன், அதே இடத்தில் நிற்கிறது. மணியை விரல் உருட்டிக்கொண்டே போகிறது, வாய் பின்தங்கிவிடுகிறது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சாமியார் என்ன கேட்பார், கொன்றாயா என்று கேட்பாரா, மிருகத்துக்கு அது கணக்கில்லை என்பார், எனக்குக் கணக்கு உண்டு சாமி.

அந்த உப்பு எங்கேயிருந்து வந்தது, அதுதான் இப்போது முள். இந்த வீட்டில்தான் உப்பே கிடையாதே. என் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் பழைய பவுடர் டப்பா ஒன்று இருக்கிறது, அதில் இருக்கிறது கல்லுப்பு. உவரி அந்தோணியாருக்கு உப்பும் மிளகும் நேர்ந்து போட்டுவிட்டு, மந்திரித்ததில் டப்பா நிறைய எடுத்து வந்தது. வீட்டில் உப்பு இல்லாமல் இருக்கக்கூடாது, விளங்காது, புது வீட்டுக்கு முதலில் போகிறதே உப்புதானே, அதற்காகத்தான் கொண்டு வந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ராத்திரி செபம் முடிந்து விளக்கணைத்த பிறகு டப்பாவைத் திறந்து ஒரு கல்லை நாக்கில் வைத்துக்கொள்வேன். கரைய விடுவேன். நான் பிறந்தபோது ஞானஸ்நானத்தில் சாமியார் நாக்கில் உப்பு வைப்பார், அந்தக் காலத்து வழக்கம், மற்றப் பிள்ளைகள் எல்லாம் வீறிட்டு அழும், நான் சப்புக்கொட்டினேனாம், எங்கள் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த நாக்குதானே இது. களவுதான். ஆனால் தின்கிற களவு இல்லை, வைத்துக்கொள்கிற களவு என்று நினைத்திருந்தேன். அதிலேயிருந்துதான் ஒரு பிடி எடுத்தேன், கறியைக் கழுவ, யோசிக்கவே இல்லை, கால் தானாகப் பெட்டிக்குப் போனது. இப்போது வினோலியாவிடம் உப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் டப்பா வெளியே வரும். சொல்லாவிட்டால் டாக்டருக்கு என்ன மருந்து கொடுப்பதென்று தெரியாது. இதன் உயிர் என் டப்பாவுக்குள்ளே இருக்கிறது.

போனில் பேசி அனுப்புகிறது எனக்குத் தெரியும், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், மைக் படத்தை அமுக்கிப் பேசணும், வேண்டாமென்றால் இடதுபக்கம் தள்ளணும், குப்பைத்தொட்டியில் விழுந்துவிடும். அமுக்கினேன். "மக்கா, மக்ரூனு தூங்குது, நல்லா தூங்குது, நீ வேலையைப் பாரு." தள்ளினேன். இது என்ன பேச்சு. மறுபடி அமுக்கினேன். "மக்கா, கடைக்காரப் பய குடுத்த ஈரல் சரியில்லையோ என்னமோ, பழசா இருக்குமோ..." தள்ளினேன், அந்தப் பிள்ளை "அம்மா, இப்பதான் வெட்டினது, சூடு இருக்கு பாருங்க" என்று என் கையைத் தொட வைத்துத்தான் கொடுத்தது, அதன்மேல் போய்ப் பழி போடுகிறேனே, நாக்கு எனக்கு அழுகாதா. மறுபடி. "லேசா உப்புத்தண்ணில அலசினேன் மக்கா..." லேசாக. அலசினேன். தள்ளினேன். குப்பைத்தொட்டியில் நான் சொன்ன பொய்யெல்லாம் கிடக்கிறது, அதற்குள்ளே எட்டிப் பார்த்தால் தெரியுமோ அவளுக்கு? மேல்வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. சாயங்காலம் ஆகப்போகிறது. சோபாவில் படுக்கவைத்த இடத்தில் அப்படியே கிடக்கிறது, ஒரு மீசைமயிர் ஆடவில்லை.

இப்படித்தான் கிடந்தார்கள் அவுக, என் வீட்டுக்காரர், கடைசி நாளில். உப்பளத்தில் மோட்டார் போடுகிற வேலை, விடியுமுன்னே போய் பாத்திக்கு உப்புத்தண்ணீர் பாய்ச்சிவிட்டு மத்தியானம் வருவார்கள், பழைய கஞ்சியும் கருவாடும் ஊறுகாயும், அதற்கும் மேலே தட்டோரம் ஒரு பிடி உப்பு, தொட்டுத் தொட்டு. "ஒரு வாய்தானே" என்பார்கள். அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தார்கள். நான் கோயிலில் பூ கட்டப் போயிருந்தேன், வினோலியாவுக்குப் பரீட்சை லீவு, பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தூங்குதாங்களே என்று சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். மத்தியானம் முழுக்கப் பார்த்தாள். நான் வந்து கதவைத் தள்ளும்போது, "சத்தம் போடாதம்மா, அப்பா நல்லாத் தூங்குதாங்க" என்று உதட்டில் விரலை வைத்தாள். அந்த விரல். அதைப் பற்றி அவள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசினதில்லை, நானும் கேட்டதில்லை. உப்பு டப்பாவைக் குப்பையில் போட்ட அன்றைக்குத்தான் அவள் முகத்தில் மறுபடி அந்த மத்தியானத்தைப் பார்த்தேன், பார்த்துவிட்டு, பெட்டிக்குள்ளே இருந்ததை எடுத்துக் கொடுக்காமல் இருந்தேன். இப்போது அவள் வந்து கதவைத் திறப்பாள், நான் என்ன செய்ய, உதட்டில் விரல் வைக்கவா, மக்ரூன் தூங்குது என்று சொல்லவா? மாட்டேன். அதை மட்டும் அந்தப் பிள்ளைக்குச் செய்யமாட்டேன்.

அமுக்கினேன். "மக்கா, நான் சொல்றதைக் கேளு. கறியை மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினேன். கல்லுப்பு, ஒரு பிடி. தண்ணி வரல, சரியா அலசல. மக்ரூனு எழும்ப மாட்டேங்குது. என் பெட்டில உப்பு வச்சிருந்தேன். டாக்டர்ட்ட சொல்லு." விரலை எடுத்தேன். போய்விட்டது. ஒரு டிக், இரண்டு டிக், நீலமாகவில்லை, நீலமாகவில்லை, நீலமானது. உடனே மணி அடித்தது. "அம்மா, அழாத. அழாதம்மா, நான் சொல்றதைச் செய்யி. ஃபேனை நிறுத்து." நிறுத்திட்டேன் மக்கா. "உள்ளங்கையை அது வயித்துமேல வையி. அழுத்தாத. விரலால பாக்காத, விரலுக்குத் தெரியாது. நீ உன் மூச்சைப் பிடிச்சுக்கோ. அப்படியே இரு. அவசரப்படாத. வயிறு ஏறும்." வைத்தேன். மூச்சைப் பிடித்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு, பாத்தியில் காற்றுப் பட்டுத் தண்ணீர் அசையுமே, அந்த அளவுக்கு, என் கை உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது, உயிர் இருக்கிறது என்பதற்கு மட்டும் இல்லை. இப்படி வைக்கிற கையை எனக்குத் தெரியும். ராத்திரி போர்வையை இழுத்துவிட வருவாள் வினோலியா, இழுத்துவிட்ட பிறகும் கை என் நெஞ்சுமேல் இருக்கும், அழுத்தாமல், விரலில்லாமல், உள்ளங்கை மட்டும், ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு நிற்பாள், பிள்ளைக்குக் குளிருதோ என்று நினைத்திருக்கிறேன். முழித்திருந்தாலும் தூங்குகிற மாதிரி கிடப்பேன், இந்த வயசில் பெற்ற பிள்ளை தொட்டுக்கொண்டிருக்கிறது யாருக்குக் கிடைக்கும் என்று. ஆசை என்று நினைத்தேன். என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏறுதா?" ஏறுது மக்கா. "அது அப்படித்தாம்மா தூங்கும். செத்தமாதிரிதான் தூங்கும். வாங்கின முதல் வாரம் நானும் அழுதுகிட்டு டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடுனேன், மேசைமேல வச்சதும் அவர் முகத்துக்கு நேரா கொட்டாவி விட்டுச்சு. காதை லேசா தடவிவிடு. கிண்ணத்துல நிறையத் தண்ணி வையி. வேற கறி வைக்காத. டாக்டர்ட்ட கேட்டுக்கிடுதேன்." சரி மக்கா. ஆபீசில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. "எத்தனை நாளா வச்சிருக்க?" வந்த நாளையிலருந்து மக்கா. கழுவத்தான் இன்னிக்கு எடுத்தேன், மத்தபடி செபம் சொல்லிட்டு ஒரு கல்லு, ஒரே ஒரு கல்லு, நாக்குல. "அப்பாவும் ஒரு வாய்தான்னு சொல்லுவாங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

காதைத் தடவினேன். தடவிக்கொண்டே இருந்தேன். வெளியில் இருட்டத் தொடங்கும்போது பின்னங்கால் ஒன்று உதறியது, பிறகு வாயைத் திறந்தது பாருங்கள், உடம்பு முழுக்க வாய்தானோ என்கிற மாதிரி ஒரு கொட்டாவி, சின்னச் சின்னப் பல்லெல்லாம் மஞ்சள். எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி உடம்பை நெளித்து இறங்கிக் கிண்ணத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. நானும் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாதாவுக்கு நன்றி சொல்லக்கூட மறந்து பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாவி திரும்பிய சத்தம். வினோலியா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மண்டியிட்டு இதை இரண்டு கையிலும் தூக்கி, வயிற்றை, ஈறை, கண்ணை எல்லாம் பார்த்தாள். "என்னடா மக்ரூனு, நலுங்கு வச்ச மாப்பிள்ளை மாதிரி மஞ்சளும் மூஞ்சியுமா இருக்க?" என்றாள். டாக்டர் பயப்பட வேண்டாம் என்றாராம், தண்ணீர் குடிக்கட்டும், காலையில் கொண்டு வந்து காட்டு என்றாராம். சொல்லிக்கொண்டே இதைத் தரையில் விட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே வலது கையை என் பக்கம் நீட்டினாள், உள்ளங்கை மேலே இருக்கிற மாதிரி. "குடு."

பெட்டியைத் திறந்து, சேலைகளைத் தூக்கி, டப்பாவை எடுத்து வந்தேன். வழக்கம் போல மேசைமேல் வைக்கப் போனேன், எங்கள் பக்கம் உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், கொடுத்தால் சண்டை வரும், அவுக உப்பளத்திலிருந்து ஒரு பொட்டலம் கொண்டு வந்தால்கூட நடையில் வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அவள் கை நகரவில்லை, நீட்டின இடத்திலேயே நின்றது. "கையில குடுத்தா சண்டை வரும் மக்கா" என்றேன். "வரட்டும்" என்றாள். டப்பாவை அவள் உள்ளங்கையில் வைத்தேன். உள்ளே கல்லுப்பு ஒரு தடவை குலுங்கி அடங்கியது. அவள் மூடியைத் திறந்து பார்த்தாள், முகர்ந்தாள், அந்தக் காரமில்லாத கடல் வாடை அவளுக்கும் தெரிந்ததுதானே, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி டப்பாவை மூடினாள். "உண்மையைச் சொல்லு. ஒரு கல்லுதானா?" மக்ரூன் எங்கள் இரண்டு பேர் காலுக்கும் நடுவில் புகுந்து வந்தது. "ரெண்டு" என்றேன். "போன்ல ஒண்ணுன்னு சொன்ன! அம்மா, நீ ஒண்ணுன்னு சொன்ன!" என்று அவள் கத்தத் தொடங்கினாள், மேல்வீட்டுக்குக் கேட்கும், கேட்கட்டும், நான் ஃபேனைப் போட்டுவிட்டு வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன், முழுக்கக் கத்தி முடிக்கட்டும் என்று.